நினைவகம் பெருகினால் விரைவு பெருகுமா?

நுழையும்முன்

மடிக்கணினி மெதுவாகிவிட்டால் அதனை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கவே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் குறை கணினி முழுவதிலும் இருப்பதில்லை. அதன் ஒரு சிறு பகுதியில் மட்டுமே இருக்கிறது. அப்பகுதியைப் பற்றி விளக்குகிறது இப்பாடம்.

பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் அரசுத்துறைச் சர்க்கரை ஆலை ஒன்று உள்ளது. அரவைப் பருவத்தில், வயல்களில் வெட்டப்பட்ட கரும்பு லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஏறி ஆலைக்கு வரும். எந்த ஆலையிலும் வந்த கரும்பு முதலில் முற்றத்தில் நின்று, பின்னரே அரவை எந்திரத்துக்குச் செல்லும். முற்றம் குறுகியதாயின் வண்டிகள் சாலையில் காத்துக் கிடக்கும். எந்திரம் எத்துணை ஆற்றலுடையதாயினும் கரும்பின்றிச் சும்மா சுழலும்.

மடிக்கணினியின் அமைப்பும் இதனை ஒத்ததே. வயல் என்பது கோப்புகளைத் தேக்கி வைக்கும் வன்தட்டு. அரவை எந்திரம் என்பது செயலி. இடையிலுள்ள முற்றமே நினைவகம், அதாவது ரேம். ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். அரைபட்ட கரும்பு தீர்ந்துபோகும். படிக்கப்பட்ட தரவு தீர்வதில்லை.

கசியும் குடம்

இன்றைய நினைவகச் சில்லுகளுக்கு அடித்தளமிட்டவர் ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த இராபர்ட் டென்னார்டு. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தால் ஒரு பிட் தகவலைத் தாங்க முடியும் என்னும் அவரது வடிவமைப்புக்கு 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் வெளிவந்த இன்டெல் 1103 சில்லு 1,024 பிட்டுகளைக் கொண்டது. இன்றைய 8 ஜிபி நினைவகத்தில் 6,870 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் உள்ளன.

மின்தேக்கியிலுள்ள மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின், ஏறத்தாழ 64 மில்லி வினாடிக்குள் ஒவ்வொரு வரிசையும் மீண்டும் நிரப்பப்படுகிறது. மின்சாரம் நின்றால் நிரப்புதலும் நிற்கும். சேமிக்காத கட்டுரை மறைந்துபோவது இதனாலேயே.

இடம் போதாதபோது

உலாவியில் பத்துப் பக்கங்கள், ஓர் எழுத்துச்செயலி, ஒரு காணொலி வகுப்பு ஆகியவற்றை ஒருசேரத் திறந்தால் நினைவகம் நிரம்பிவிடும். அப்போது இயங்குதளம், பயன்பாட்டில் இல்லாத தரவை வன்தட்டுக்கு அனுப்பிவிட்டு, தேவைப்படுகையில் திரும்ப அழைக்கும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இம்முறை இடம்பெற்றது. சிறந்த உத்திதான், ஆயினும் அதற்குரிய விலை காலம். நினைவகத்திலிருந்து தரவைப் பெற ஏறத்தாழ 100 நானோ வினாடி போதும். சுழலும் வன்தட்டுக்கோ 10 மில்லி வினாடி வேண்டும். இது ஓர் இலட்சம் மடங்கு. முன்னது ஒரு வினாடி எனக் கொண்டால், பின்னது ஒரு நாளையும் தாண்டிவிடும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகள் 2 ஜிபி நினைவகம் கொண்டவை. அன்றைய மென்பொருளுக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னர் வந்த மென்பொருள்கள் பருத்தன. வலைப்பக்கங்கள் அவற்றினும் பருத்தன. கணினி மட்டும் அப்படியே நின்றது. அது மெதுவாகிவிட்டது என்பதைவிட, அதன்மீது ஏற்றப்படும் சுமை கூடிவிட்டது என்பதே பொருத்தம்.

வாங்குமுன் அளத்தல்

எனினும், மெதுவாக இயங்கும் கணினிக்கெல்லாம் நினைவகமே மருந்தாகாது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் பணி மேலாளர் திறக்கும். வழக்கமான வேலையின்போது நினைவகப் பயன்பாடு 90 விழுக்காட்டை ஒட்டியே இருந்தால் கூடுதல் நினைவகம் உடனே பயன் தரும். பாதி காலியாகவே இருந்தால் செலவு வீண். முற்றம் காலியாகக் கிடக்கையில் அதனை விரிவாக்கி என்ன பயன்? அந்நிலையில் வன்தட்டை அகற்றித் திண்மநிலை வட்டு பொருத்துவதே பெரும்பாலும் அறிவுடைய செயல்.

கணினியின் வகையையும் அறிதல் வேண்டும். மடிக்கணினிக்குரிய டிடிஆர்3 பலகையில் 204 முனைகளும் டிடிஆர்4 பலகையில் 260 முனைகளும் உள்ளன. அவற்றின் மின்னழுத்தமும் வெட்டுப்பள்ளத்தின் இடமும் வேறுபடுவதால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பொருத்த இயலாது. மெல்லிய கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றத்துக்கு வழியில்லை. மேலும், 32 பிட் விண்டோஸின் வீட்டுப் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்துவதில்லை. அத்தகைய கணினியில் 8 ஜிபி பொருத்தினாலும் பாதி வீணே கிடக்கும்.

பொருத்துதல் கடினமன்று. கணினியை முற்றிலும் அணைத்து, மின்கம்பியையும் மின்கலத்தையும் விலக்க வேண்டும். உடலில் தங்கிய நிலைமின்சாரம் சில்லைச் சிதைக்கக்கூடும். எனவே, உலோகப் பொருள் ஒன்றை முதலில் தொட்டுக்கொள்வது நன்று. பலகையின் ஓரங்களைப் பிடித்துச் சாய்வாகச் செருகி, இருபுறக் கொக்கிகளும் பற்றும்வரை மெல்ல அழுத்த வேண்டும். கணினியை இயக்கியதும் அமைப்புப் பக்கத்தில் புதிய அளவு தெரிகிறதா என நோக்குக. தெரியாவிடில் பலகை சரியாக அமரவில்லை என்பதே முதல் ஐயமாக இருக்கட்டும். கழற்றி, மீண்டும் பொருத்துக.