குருதியின் நோயெதிர்ப்புப் புரதங்களும் இன்சுலின் எதிர்ப்பும்: தமிழக ஆய்வுகளை முன்வைத்து

நீரிழிவு பருத்த உடலினர்க்கே உரிய நோய் என்னும் எண்ணம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. சங்கரன்கோவில் போன்றதொரு நெசவு நகரில் கைகால் மெலிந்த ஒருவருக்கு இந்நோய் கண்டறியப்பட்டால், வீட்டார் வியப்பது இயல்பே. எனினும் இந்தியரிடையே மெலிந்த கைகால்களும் சரிந்த வயிறும் ஒருங்கே அமைவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு 2011இல் தமிழக நகர்ப்புறங்களில் 13.7 விழுக்காட்டினரும் ஊர்ப்புறங்களில் 7.8 விழுக்காட்டினரும் நீரிழிவுக்கு ஆளானதைக் காட்டியது. எடைப்பொறி மட்டும் இதனை விளக்காது. வயிற்றுக் கொழுப்பின் இயல்பை அறிதல் வேண்டும்.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அது மிகும்போது, நோய்க்கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் அதனுள் குவிகின்றன என்பது 2003இல் தெளிவாயிற்று. இவ்வணுக்களும் கொழுப்பணுக்களும் சுரக்கும் புரதங்களுள் கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 ஆகிய இரண்டும் முதன்மையானவை. முன்னது, இன்சுலின் தன் ஏற்பியில் பொருந்திய பின்னரும் அதன் செய்தி அணுவினுள் செல்லாதவாறு தடுக்கிறது. பின்னது கல்லீரலைத் தூண்டிச் சி-எதிர்வினைப் புரதத்தை மிகுவிக்கிறது. காய்ச்சலோ புண்ணோ இல்லாமலேயே குருதியில் மெல்லியதோர் அழற்சி நீடிக்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைப்படைகிறது.

சென்னை நகர-ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் ஒரு பகுதியாக மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட கட்டுரை இங்குக் குறிப்பிடத்தக்கது. நீரிழிவு உடையோரிடம் சி-எதிர்வினைப் புரதம் மிகுந்திருந்தது. ஆனால் உடற்கொழுப்பையும் கணக்கில் சேர்த்தவுடன் அப்புரதத்துக்கும் நீரிழிவுக்குமான தொடர்பு மறைந்தது. அதாவது, இணைக்கும் கண்ணி கொழுப்பே.

அதே ஆய்வின் மற்றொரு பகுதி (2010) எதிர்பாராத செய்தியொன்றைத் தந்தது. யானைக்கால் நோய்ப்புழுவின் தொற்று, நீரிழிவு இல்லாதோரிடம் 10.4 விழுக்காடாகவும் சிகிச்சை பெறும் நீரிழிவு நோயாளரிடம் 4.3 விழுக்காடாகவும் இருந்தது. தொற்றுடைய நீரிழிவு நோயாளரிடம், தொற்றில்லாதோரைவிட இன்டர்லூக்கின்-6 குறைந்திருந்தது. புழு தான் பிழைத்திருக்க ஓம்புயிரின் அழற்சியைத் தணிக்கும் என்பதோடு இது பொருந்துகிறது. ஒரே காலத்தில் எடுத்த கணக்காதலின் எது காரணம், எது விளைவு என இதுகொண்டு நிறுவ இயலாது. யானைக்கால் நோயை எவரும் வரவேற்கப் போவதும் இல்லை.

அவ்வாறாயின் அழற்சிப் புரதத்தை மருந்தால் தடுத்தால் நீரிழிவைத் தவிர்க்கலாமோ? பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இதய நோயாளரிடம் கனகினுமாப் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. இது இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுப்பது. சி-எதிர்வினைப் புரதம் வெகுவாகக் குறைந்தது. புதிதாக நீரிழிவு தோன்றுவதோ குறையவில்லை. ஒரு புரதத்தை அடைத்தால் வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன எனக் கொள்வதே பொருத்தம். ஊற்றுக்கண்ணாகிய கொழுப்பு அப்படியே இருக்கிறது.

எனவே சிறுநகர மருத்துவமனைகளில் இன்டர்லூக்கின் அளவைக் காணும் வசதி இல்லாமை பெருங்குறை அன்று. தையற்காரர் பயன்படுத்தும் அளவுநாடா போதும். இந்தியருக்கான வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. இடைச் சுற்றளவு இதனைக் கடந்தவர், எடை எதுவாயினும், வெறும் வயிற்றில் குருதிச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ள வேண்டியவராவர்.