பையனின் உயரமும் பந்தாட்ட ஸ்தானமும்

கால்பந்துப் பயிற்சியாளர் பலரிடத்தில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 13 வயதுப் பையன்களை வரிசையாக நிறுத்தி, நெடியவனைக் கோல் கீப்பராகவோ பின்னணியின் நடுவிலோ வைக்கிறார்கள். சிறியவனைப் பக்கவாட்டில் ஓடவிடுகிறார்கள். மிகவும் மெலிந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவின் பெரிய கழகங்களும் இவ்வழக்கத்துக்கு விலக்கல்ல. இது நியாயந்தானா என்று ஆராய்வது அவசியம்.

ஸ்தானத்துக்கு ஸ்தானம் தேகத்தின் வேலை வேறுபடும் என்பதை நாம் மறுக்கவில்லை. பெரியவர்களின் 90 நிமிஷ ஆட்டத்தில், நடுவில் ஆடுகிறவர் சாதாரணமாக 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். கோல் கீப்பர் நடமாடுவது ஏறக்குறைய அதில் பாதி. பின்னணியின் மத்தியில் நிற்பவர் மற்ற ஆட்டக்காரர்களைவிடக் குறைவாக ஓடினாலும், உயர எழும்பித் தலையால் பந்தை முட்ட வேண்டியவர். முழு வேகத்தில் பாய்வது பக்கவாட்டில் ஆடுகிறவருக்கே அதிகம். ஆகவே ஒருவருக்கு உயரமும், ஒருவருக்குத் துரிதமும், ஒருவருக்குச் சளைக்காத மூச்சும் வேண்டும்.

ஆயினும், முதிர்ந்தவர்க்குரிய இந்த அளவுகோலைச் சிறுவன்மீது வைப்பது தகுமா? ஆண்பிள்ளைகள் அதிவேகமாய் வளரும் பருவம் சராசரியாக 14 வயதையொட்டி வருகிறது; சிலருக்கு 12லேயே வந்துவிடுகிறது, சிலருக்கு 16 ஆகிறது. ஒரே வருஷத்தில் பிறந்த இருவரில் ஒருவன் மீசை அரும்பிய வாலிபனாகவும், மற்றவன் பாலகனாகவும் நிற்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் காணலாம். இவ்விருவரையும் ஓடவும் தாண்டவும் வைத்துப் பரீட்சித்தால் தெரியவருவது பெரும்பாலும் எவன் முந்தி வளர்ந்தான் என்பதே. தேர்வு வருஷத்தின் முற்பகுதியில் பிறந்தவர்களே இளைஞர் அணிகளில் மிகுந்திருப்பதையும் ஆராய்ச்சியாளர்கள் பல தேசங்களில் கண்டிருக்கிறார்கள். பிறந்த மாதம் திறமைக்குச் சாட்சியாகுமா?

பிரான்ஸ் தேசத்து அந்துவான் கிரீஸ்மன்னைச் சிறு பிராயத்தில், உருவம் போதாதென்று அந்நாட்டுக் கழகங்கள் பல ஒதுக்கின. ஸ்பெயினின் ரியால் சோசியேதாத் கழகம் அவரை ஏற்று வளர்த்தது. 2018இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். இத்தாலியின் பாபியோ கன்னவாரோவோ சுமார் 176 சென்டிமீட்டர் உயரமே உள்ளவர். ஆயினும் பின்னணியின் மத்தியில் நின்றே 2006இல் தம் அணிக்குத் தலைமை தாங்கி அக்கோப்பையைப் பெற்றார்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2015இல், பிறந்த தேதியை விடுத்து, தேக முதிர்ச்சியைக் கொண்டு சிறுவர்களைப் பிரித்து ஆடவைத்துப் பார்த்தது. பலத்தை மட்டும் நம்பியிருந்தவன் அங்கே யுக்தியைத் தேட நேர்ந்தது. பின்தங்கி வளர்பவனுக்குத் தன் வித்தையைக் காட்ட இடம் கிடைத்தது.

பயிற்சியாளர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வளர்ச்சி முடியும்வரை பையன்களை எல்லா ஸ்தானங்களிலும் ஆடவிடுங்கள், ஓட்டத்தை அளக்கும்போது வளர்ச்சியையும் அளந்து எழுதிவையுங்கள், ஒருவனைக் கழிக்குமுன் இரண்டு வருஷம் பொறுங்கள். நாற்றங்காலில் பிந்தி முளைத்த பயிரைக் களையென்று பிடுங்குகிறவன் நல்ல உழவனாகான்.