பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பாடம்

ஆலைச் சாலையின் பள்ளிகள் – பகுதி 8

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை விரிந்துள்ள தொழிற்பகுதியில் கைப்பேசி, கார், கண்ணாடி ஆலைகள் எழுந்த வரலாற்றையும், மண்ணூர் போன்ற சிற்றூர்களின் விளைநிலங்கள் அவற்றின் வருகையால் அடைந்த மாற்றத்தையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் விளக்கின. அந்த ஆலைகளில் 'லைன்' என்று தொழிலாளர்கள் அழைக்கும் உற்பத்தி வரிசையில் நிற்கும் பெண்களில் பலர், மேல்நிலைக் கல்வியை முடித்துப் பதினெட்டு வயது நிறைந்த சிறிது காலத்திலேயே வேலைக்கு வந்துவிடுகிறார்கள். ஆகையால் தம் உடலையும் உணவையும் ஓய்வையும் பற்றி முறையாகக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு வாய்த்த ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். அந்தப் பள்ளிக்கூடம் அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறது, எந்த வயதில் கற்பிப்பதை நிறுத்திக்கொள்கிறது என்பதே இப்பகுதியின் பொருள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்வகையில் வறியவை அல்ல. குழந்தைப் பருவத்துக்கும் முதிர்ந்த பருவத்துக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலான காலமாகிய வளரிளம் பருவத்தை எட்டாம் வகுப்பு அறிவியல் நூல் தனி அலகாக வைத்துப் பேசுகிறது. ஒன்பதாம் வகுப்பு நூல் ஊட்டச்சத்தை விளக்குகிறது. பத்தாம் வகுப்பு நூல் ஹார்மோன்கள், இனப்பெருக்கம், மாதவிடாய்ச் சுழற்சி ஆகியவற்றைக் கடந்து 'உடல்நலம் மற்றும் நோய்கள்' என்னும் அலகில் நீரிழிவு, உடல்பருமன், எய்ட்ஸ், போதைப்பழக்கம் ஆகியவற்றோடு குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையையும் எடுத்துரைக்கிறது. ஆயினும் இதே பொருளின் மறுபாதி சமூக அறிவியல் நூலில் இருக்கிறது. நீண்ட ஆயுள், கல்வி, தனிநபர் வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்து நாடுகளின் நிலையை அளக்கும் அளவுகோலாக, பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியால் 1990இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட மனித மேம்பாட்டுக் குறியீட்டை ஒன்பதாம் வகுப்புப் பொருளியலும், உணவுப் பாதுகாப்பையும் ஊட்டச்சத்தையும் பத்தாம் வகுப்புப் பொருளியலும் கற்பிக்கின்றன. உடல் ஒரு நூலிலும் அவ்வுடல் வாழும் சமூகம் வேறொரு நூலிலும் பிரிந்து கிடக்க, இரண்டையும் சேர்த்து எண்ணிப்பார்க்கும்படி மாணவரைக் கேட்கும் தேர்வுத்தாள் எதுவும் இல்லை.

இந்தப் பிரிவினால் நேரும் இழப்பைக் காட்ட இரத்தசோகை ஒன்றே போதும். நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை உடலெங்கும் கொண்டு செல்லும் ஹீமோகுளோபின் என்னும் புரதம், கருவுறாத பெண்ணின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் பன்னிரண்டு கிராமுக்குக் குறைவாக இருந்தால் அந்நிலை இரத்தசோகை எனப்படுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இந்நிலையில் இருந்தனர். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதிலேயே மாதவிடாயும் தொடங்குவதால் சிறுமியின் இரும்புத் தேவை திடீரெனக் கூடுகிறது என்பதை அறிவியல் வகுப்பு சொல்லிவிடும். ஆனால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு இறைச்சியில் உள்ளதைப்போல் எளிதில் உடலில் சேர்வதில்லை என்பதும், சோற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அது கூடுதலாக உறிஞ்சப்படும், உண்டவுடன் தேநீர் குடித்தால் குறைவாக உறிஞ்சப்படும் என்பதும் வீட்டு அடுக்களையையும் குடும்ப வருமானத்தையும் தொட்டுப் பேசினாலன்றி விளங்காத செய்திகள். 2013இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட வாராந்திர இரும்புச்சத்துத் திட்டத்தில் வளரிளம் பருவத்தினருக்குத் தரப்படும் நீல நிற மாத்திரை இப்போது 60 மில்லிகிராம் இரும்பையும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தையும் கொண்டது. அதை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலாம், மலம் கறுத்துப் போகலாம், அதனால் தீங்கில்லை என்று முன்கூட்டியே சொல்லப்படாத சிறுமி அடுத்த வாரம் அம்மாத்திரையைத் தூக்கி எறிந்தால் அவளைக் குறைகூற இயலாது.

பத்தாம் வகுப்புக்குப் பின் நிகழ்வதே கவலைக்குரியது. மேல்நிலையில் உயிரியலையோ மனையியலையோ செவிலியம் போன்ற தொழிற்பிரிவையோ எடுக்காமல் வணிகவியல், கணினி முதலிய பிரிவுகளில் சேரும் மாணவிக்கு உடல்நலம் பற்றிய பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவுபடுத்தப்பட்டுப் பின்னர் பத்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்ட சத்துணவும் அதே வகுப்போடு நின்றுவிடுகிறது. பாடமும் சோறும் ஒரே கோடையில் கைவிட்டபின் வரும் இந்த இரண்டு மேல்நிலை ஆண்டுகளே, ஆலை வாயிலை நோக்கி அவள் நடக்கும் ஆண்டுகள் என்பதை எந்தப் பாடத்திட்டக் குழுவும் அலட்சியப்படுத்தலாகாது.

இப்பாடத்தைத் தனியாகக் கற்பிக்கும் முயற்சிகள் இந்தியாவில் பலமுறை எழுந்து தளர்ந்துள்ளன. 1980இல் தொடங்கிய தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டத்தைத் தொடர்ந்து 2005இல் வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டம், பாலியல் கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்களின் தடையைச் சந்தித்தது. 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. 2020இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் வந்த பள்ளி நலத்திட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரையும் ஓர் ஆசிரியையையும் நலத்தூதர்களாகப் பயிற்றுவித்துப் பதினொரு கருப்பொருள்களைக் கற்பிக்க வழிவகுத்திருப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் மதிப்பெண் இல்லாத பாடவேளை, பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ போய்விடும் என்பது பள்ளிகளின் நடைமுறையை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

பிரிந்து கிடப்பதைச் சேர்க்க முடியும் என்பதற்குச் சான்று, ஈழத்தமிழர்களும் இந்தியத் தமிழர்களும் கணிசமாக வாழும் மெல்போர்ன் நகரைத் தலைநகராகக் கொண்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே மேல்நிலைச் சான்றிதழுக்குரிய பாடங்களில் 'உடல்நலமும் மனித மேம்பாடும்' என்பது கணக்கையும் வேதியியலையும்போல் மதிப்பெண் பெறும் ஒரு பாடம். இளைஞரின் நலத்தில் தொடங்கும் அது, நாட்டின் சுகாதார அமைப்பையும், பழங்குடியினருக்கும் பிறருக்கும் இடையிலுள்ள நல ஏற்றத்தாழ்வையும், உலக நாடுகளின் மேம்பாட்டையும் ஒரே தொடர்ச்சியில் ஆராய வைக்கிறது. ஒருவரின் நோய்க்குக் கிருமி மட்டுமன்றி அவருடைய ஊதியமும் வசிப்பிடமும் காரணமாகலாம் என்னும் உண்மையை அங்குள்ள மாணவர் தேர்வுத்தாளில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக்கு அத்தகைய பாடம் வந்தால் அதற்கான எடுத்துக்காட்டுகளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் இப்பகுதியின் மின்னணு ஆலை ஒன்றில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதைத் தொடர்ந்து தோழியர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தனர். அந்நிகழ்வில் நுண்ணுயிரியல், சமையலறைத் தூய்மை, ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கலாம் என்னும் வீட்டுவசதிக் கேள்வி, முறையிடும் உரிமை ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கென 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட குடியிருப்பு திறக்கப்பட்டது அக்கேள்விகளில் ஒன்றுக்குக் கிடைத்த விடை. நின்றுகொண்டே வேலை செய்வோர் இடையிடையே உட்காருவதற்கு வசதி செய்ய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு விதித்ததும், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 48ஆம் பிரிவு விதித்ததும் உடல்நலப் பாடத்தின் பகுதிகளே; இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவோருக்கு உறக்கம் ஏன் குறைகிறது என்பதும் அவ்வாறே.

பதினோராம் வகுப்பில் எப்பிரிவு மாணவருக்கும் பொதுவான, மதிப்பெண் உள்ள ஒரு தாளாக இது அமைய வேண்டுமானால், அதைக் கற்பிக்கத் தகுதியுள்ளவர்கள் தமிழ்நாட்டில் முன்பே இருக்கிறார்கள். உணவியல், குழந்தை வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை ஆகியவற்றை ஒருங்கே கற்ற மனையியல் ஆசிரியைகள் அவர்கள். சமையலும் தையலும் என்று சுருக்கிப் பார்க்கப்பட்டதால் அவர்களுடைய பாடம் மதிப்பிழந்து நிற்கிறது. கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்து, அத்துறையை ஊட்டச்சத்து ஆய்வோடு இணைத்த இராஜம்மாள் தேவதாஸின் பணியை அடுத்த பகுதி ஆராயும்.