கடல் இல்லாத ஊரின் துறைமுகச் சாலை

ஜூன் மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலும் பெங்களூரா மாம்பழம். ஊர்க்காரர்களுக்குப் பெங்களூரா; வெளியூரில் தோத்தாபுரி. பழம் கூழாகி, கிருமி நீக்கிய பைகளில் அடைபட்டு, இரும்பு டிரம்களில் ஏறி, கன்டெய்னருக்குள் போகிறது. கதவைச் சாத்தி சீல் வைத்ததும் டிரைவர் வண்டியைச் சென்னைப் பக்கம் திருப்புகிறார். துறைமுகம் இருப்பது சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி.

கடலுக்கும் இந்த மாவட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சாலைதான். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44, டெல்லியிலிருந்து சென்னை வரும் 48 இரண்டும் பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக ஒரே தார்ச்சாலையாக வந்து, கிருஷ்ணகிரியில் பிரிகின்றன. ஒன்று சேலத்துக்கு, மற்றது வாணியம்பாடி, வேலூர் வழியாகச் சென்னைக்கு. திருவண்ணாமலைப் பக்கமிருந்து வரும் 77-ம் இங்கேதான் வந்து சேர்கிறது. தங்க நாற்கரச் சாலையின் சென்னை - மும்பைக் கரமும் இதுவே.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் சாலை ஆயிரம் அடிக்கு மேல் இறங்கிவிடுகிறது. சூளகிரியைத் தாண்டி மேலுமலைப் பக்கம் வரும்போது அனுபவப்பட்ட டிரைவர் கியரைக் குறைத்து, இன்ஜினின் பிடியிலேயே வண்டியை இறக்குவார். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போய்விடும். பின்னால் பாரம் தள்ள, முன்னால் கார்களும் பைக்குகளும் போகின்ற சாலை இது.

ஓசூரில் 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எனத் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. பெங்களூர் நாற்பது கிலோமீட்டரில் இருப்பது பெரிய வசதி. ஆனால் மாநில எல்லையும் பக்கத்திலேயே இருந்தது. ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் லாரிகள் பில்லும் பர்மிட்டுமாகக் காத்துக் கிடந்த காலம் நீண்டது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சோதனை போனது. மோட்டார் நிபுணர் யாரும் கண்டுபிடிக்காத வேகம் அன்று அந்தச் சாலைக்குக் கிடைத்தது.

ரோஜாவுக்கு வழி வேறு. ஓசூரின் பசுமைக்குடில் பூக்கள் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் பெங்களூரைக் கடந்து போக வேண்டும். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதை இங்குள்ளவர்கள் அவ்வளவு ஆவலோடு பார்ப்பது அதனால்தான்.

இருந்தாலும் மாவட்டத்தின் பெரிய குறை ரயில். 45 வேகன்கள் கொண்ட ஒரு கன்டெய்னர் ரயில், இருபதடிப் பெட்டிகள் 90-ஐ ஒரே நடையில் இழுத்துவிடும். அத்தனையும் இன்று டிரெய்லர்களில்தான் மேலுமலை இறங்குகின்றன. சென்னை போய்ச் சேர்ந்தாலும் துறைமுக வாசலில் நெரிசல். மதுரவாயல் - துறைமுக மேம்பாலச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை பாதியில் நின்றது. 2022-ல் ஈரடுக்குப் பாலமாக மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது.

கிருஷ்ணகிரிக்கு ரயிலே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து குறுகிய பாதை ரயில் ஓடியது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கு 1913-ல் இன்னொன்று வந்தது. பிறகு இரண்டின் தண்டவாளங்களையும் பெயர்த்துவிட்டார்கள். ஓசூருக்குப் பின்னாளில் பெங்களூர் - சேலம் பாதை கிடைத்தது. கிருஷ்ணகிரிக்குக் கிடைக்கவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை போடச் சொல்லி மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். 2004-ல் மாவட்டத் தலைநகரான ஊரைச் சேர்ந்தவர், ரயில் ஏற இன்றும் ஓசூருக்கோ தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் பிடிக்கிறார்.