மந்தம் வந்தபோது வளவனூர் ஏன் சாயவில்லை?

2008 செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு கொடுத்தது. உலகப் பொருளாதாரம் சரியத் தொடங்கிய நாளாக அதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள். அதே நாளில், அண்ணா பிறந்தநாளை ஒட்டி, தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் வளவனூர் போன்ற ஊர்கள் அந்த மந்தத்தை எப்படிக் கடந்தன என்று பார்க்க, இந்த இரண்டாவது செய்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வளவனூர் ஒரு பேரூராட்சி. பெரிய ஆலை ஏதும் இல்லை. சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை, உளுந்து, சவுக்கு. நெல்லும் மல்லாட்டையும் உளுந்தும் விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குப் போகின்றன. காலையில் ஒரு கூட்டம் மேற்கே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறும். அங்கே ஆட்சியர் அலுவலகம், ரயில்வே சந்திப்பு, போக்குவரத்துக் கழகம், துணிக்கடைகள். இன்னொரு கூட்டம் கிழக்கே புதுச்சேரிக்குப் போகும். அங்கே தொழிற்பேட்டைகள், ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள். ஒரே வீட்டில் அப்பா நிலத்தில், மகன் புதுச்சேரி கம்பெனியில், மருமகள் விழுப்புரம் கடையில், தம்பி சென்னையில் சென்ட்ரிங் வேலையில் என்று இருப்பது இங்கே சாதாரணம். அமெரிக்கா சரிந்தால் புதுச்சேரியில் ஓவர்டைம் நிற்கலாம். அதற்காக ஆட்சியர் அலுவலக எழுத்தருக்குச் சம்பளம் நிற்காது, உளுந்தும் காய்க்காமல் போகாது. ஓர் ஊர் மந்தத்தைத் தாங்குமா என்பதற்கு முதல் சோதனை அங்கே எவ்வளவு பணம் இருக்கிறது என்பதல்ல. அந்தப் பணம் வரும் வழிகள் எல்லாம் ஒரே நாளில் அடைபடுமா என்பதே.

இதோடு அரசு போட்ட அடித்தளமும் சேர்ந்தது. அந்த ஒரு ரூபாய் அரிசி அதில் முதல் கல். நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் இடம்பெற்ற ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. பேரூராட்சி என்பதால் வளவனூருக்கு அந்த வேலை இருக்கவில்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு இருந்தது. அங்கே வாங்கிய கூலி வளவனூர்க் கடைத்தெருவில்தான் செலவானது. சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை, ஊக்கத்தொகை சேர்த்து, 2007-08இல் குவிண்டாலுக்கு 745 ரூபாய். மந்தம் உச்சத்திலிருந்த 2008-09இல் அது 900 ரூபாய். திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்கள் குறைந்த அதே பருவத்தில் இங்கே நெல் விலை ஏறியது.

வீட்டு விஷயம் இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் 2006-க்கும் 2012-க்கும் இடையே வீட்டு விலை கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. லாஸ் வேகாஸில் பாதிக்கும் கீழே போனது. டெக்சாஸ் அவ்வளவு அடிபடவில்லை. வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கடன் நிற்கும்படி அதை அடகு வைத்துப் பணம் எடுக்கக் கூடாது என்று அந்த மாநில அரசியல் சாசனமே தடுத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். இந்தியாவிலும் ரிசர்வ் வங்கி, ஒய்.வி. ரெட்டி ஆளுநராக இருந்தபோது, 2004 டிசம்பரிலேயே வீட்டுக் கடனுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று கடிவாளம் போட்டது. வளவனூர் மாதிரி ஊர்களில் அந்தக் கடிவாளத்துக்கே பெரிதாக வேலை இருக்கவில்லை. பல வீடுகள் நத்தம் நிலத்தில் நிற்பவை, அல்லது பாகம் பிரியாத கூட்டுச் சொத்து. வங்கி தயங்கும். அதனால் வீடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழும்: ஒரு போகத்துப் பணத்தில் கடைக்கால், சீட்டு எடுத்து லிண்டல் வரை, மகள் கல்யாணத்துக்கு முன்னால் தளம். பணம் நின்றால் கொத்தனாரும் சித்தாளும் வேலை இழப்பார்கள், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் ஜப்தி நோட்டீஸ் வராது. கட்டாயத்துக்கு விற்பவர்கள் குவியாத இடத்தில் விலை சரிய வழியில்லை.

அவசரத்துக்கு இங்கே அடகுக்குப் போவது நகை. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடும்பம் அடகு வைத்த வீடு, வேலை போன அதே நேரத்தில் மதிப்பிழந்தது; கடன் மட்டும் அப்படியே நின்றது. தங்கமோ பெரும்பாலும் உலகம் அஞ்சும்போது ஏறும். 2008-க்கும் 2011-க்கும் இடையே அதன் விலை இரண்டு மடங்கானது. ஊரடங்கு ஆண்டான 2020 ஆகஸ்டில் சவரன் 43,000 ரூபாயைத் தாண்டியது. கையிலிருந்த அதே சங்கிலிக்கு, பணம் மிகவும் தேவைப்பட்ட மாதத்தில், முன்பைவிடக் கூடுதல் கடன் கிடைத்தது. நம் பெண்கள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்த இந்தக் காப்பீட்டைப் பொருளாதார வல்லுநர்கள் இன்னும் உரிய மதிப்போடு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

ஒரே தூணில் நிற்கும் இடம் எப்படி ஆடும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூரைப் பார்க்கலாம். 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்களை நம்பி அறை கட்டி வாடகைக்கு விட்டவர்களும், மெஸ் நடத்தியவர்களும், வேன் ஓட்டியவர்களும் சேர்ந்தே அடிவாங்கினார்கள்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்திலும் ஆடிய சந்தை ஒன்று உண்டு. அது குடியிருக்கும் வீடல்ல. வெளியூர்ப் பணத்தை நம்பி நெடுஞ்சாலை ஓரம் கல் நட்டுப் பிரித்த மனை. 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 அன்று, பணமதிப்பிழப்பு. உலக மந்தம் எதுவும் இல்லாத ஆண்டில் தமிழ்நாடெங்கும் மனை வியாபாரம் உறைந்தது. குடியிருப்பவர் நிரம்பிய தெருவும் விலை ஏறுமென்று வாங்கிப் போட்ட மனைப் பிரிவும் ஒரே ஊரில் இருந்தாலும் வேறு வேறு சந்தைகள். திண்டிவனம் சிப்காட் தொழிற்பேட்டையைக் காட்டி இப்போது மனை விற்பவர்களிடம் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011 கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரியாத பழைய விழுப்புரம் மாவட்டத்தில் நகரவாசிகள் சுமார் 15 சதவீதமே. அதிகம் ஏறாதது அதிகம் விழவும் இல்லை. அதில் பாதிப் பெருமைதான் இருக்கிறது. படித்த பிள்ளைக்கு உள்ளூரில் தகுந்த வேலை இல்லாததால்தான் ஒரு வீட்டு வருமானம் நான்கு ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் இம்மாவட்டத்தில் தொற்று எகிறியபோது, எத்தனை குடும்பங்கள் சென்னைக் கூலியை நம்பி இருந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த நிதியாண்டில் நாட்டின் பொருளாதாரம் சுமார் 6 சதவீதம் சுருங்கியது. வேளாண்மை அப்போதும் வளர்ந்தது. திரும்பி வந்தவர்களைச் சுமந்தது நிலம்தான்.

அந்த நிலத்தையும், கூலியையும், வீட்டையும் ஒரே இரவில் சேர்த்துச் சாய்க்கக்கூடியது மழை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. பயிர் போனது, மாடு போனது, குடிசை போனது, நூறு நாள் வேலை செய்ய இடமும் இல்லை. மந்தத்தின்போது ஒன்றையொன்று தாங்கிய வழிகளில் பலவும் ஒன்றாக அடைபட்டன. அரசு குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும், நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும் அறிவித்தது. ஏக்கருக்குப் பார்த்தால் ஏழாயிரம்கூட இல்லை. உழவு, நடவு, உரம், களைக்கூலி எல்லாம் சேர்ந்தால் செலவு அதைத் தாண்டிவிடும். குத்தகைக்குப் பயிரிட்டு, கையில் ஆவணம் இல்லாதவருக்கு இதுவும் கைக்கு வருவது கடினம்.

அதே தென்பெண்ணையில் சுமார் 25 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய தளவானூர் தடுப்பணை, திறந்து சில மாதங்களில், 2021 ஜனவரியில் உடைந்தது. இந்தப் பகுதியின் பொருளாதாரத்தைக் காக்க விரும்பும் அரசு, அடுத்த தொழிற்பேட்டைக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கை இந்த ஆற்றின் கரைக்கும், ஏரிகளின் வடிகாலுக்கும், குத்தகைதாரரின் பெயர் அடங்கல் பதிவேட்டில் ஏறுவதற்கும் ஒதுக்கட்டும்.