இரு நாளிதழ்கள், ஒரு செய்தி

ஆங்கிலச் சொல்வளம் பெருக அகராதியை மனப்பாடம் செய்யவேண்டும் என்று மாணவர் பலர் கருதுகின்றனர். நாளிதழ் வாசிப்பே அதனினும் எளிய வழி என்பது நம் கருத்து. 1845இல் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, 1935இல் கோ. சாரங்கபாணி நிறுவிய ‘தமிழ் முரசு’ ஆகிய இரண்டும் சிங்கப்பூரில் இன்றும் வெளிவருகின்றன. ஒரே செய்தியை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் படிப்போம். ‘பணவீக்கம்’ அறிந்தவர்க்கு ‘இன்ஃப்ளேஷன்’ உடனே விளங்கும். இரண்டிலும் பெருத்தல் என்னும் கருத்தே உள்ளது. அச்சொல் மறுபடியும் செய்தியில் வரும். வரவர மனத்தில் பதியும். பொங்கோலிலிருந்து ரயிலில் பள்ளி செல்லும் மாணவர்க்கு அப்பயண நேரமே போதும். நாளுக்கு மூன்று சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். ஆங்கிலம் கற்கத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. தமிழறிவே அதற்குப் படிக்கட்டு.