பணியிடப் பயிற்சியும் நினைவில் நிலைத்தலும்: பயிற்சிக்குப் பின்வரும் நாள்களின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

பணியாளர்க்கு அளிக்கப்படும் பயிற்சி பெரும்பாலும் அது நிறைவுறும் நாளிலேயே மதிப்பிடப்படுகிறது. கற்றது நினைவில் நின்றதா என்பது அதற்குப் பின்வரும் வாரங்களில்தான் தெரியவரும். மறத்தல், இடைவெளிப் பயிற்சி, நினைவுமீட்டல் ஆகியவை பற்றிய உளவியல் ஆய்வுகளையும், பாடம் கேட்டல் பற்றி நன்னூல் கூறும் கருத்தையும் முன்வைத்து, பணியிடக் கற்றல் நிலைபெறுதற்குரிய வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது. பயிற்சி நாளின் மனநிறைவைக் கொண்டு பயிற்சியை அளவிடுதல் தவறான முறையைத் தேர்ந்தெடுக்கத் தூண்டும் என்பது இதன் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: பணியிடப் பயிற்சி, மறத்தல், இடைவெளிப் பயிற்சி, நினைவுமீட்டல், நன்னூல்.

முன்னுரை

நிறுவனங்கள் பயிற்சிக்கெனப் பொருளையும் நேரத்தையும் செலவிடுகின்றன. ஒருநாள் முழுவதும் விரிவுரை, படவிளக்கம், செய்முறை, மாலையில் கருத்துப் படிவம், பின்னர்ச் சான்றிதழ். சில மாதங்கள் கழித்துத் தேவை நேரும்போது, கற்ற முறை நினைவுக்கு வருவதில்லை. அப்போது குறை பணியாளரின் கவனமின்மையாகக் கருதப்படுகிறது. சிலவிடங்களில் இதன் விளைவு மிகப் பெரிது. இதயத்துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்மீட்பு முதலுதவி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க இதயச் சங்கம் அளிக்கும் அப்பயிற்சிச் சான்றிதழ் 2 ஆண்டுகள் செல்லுபடியாகும். ஆனால் பயின்றோரின் திறன் சில மாதங்களிலேயே குன்றிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கையில் சான்றிதழ் இருக்கையிலேயே திறன் இல்லாமற்போகும் இந்நிலையை எவ்வாறு தவிர்ப்பது என்பதே இக்கட்டுரையின் வினா.

மறத்தலின் போக்கு

மறத்தலை முதன்முதலில் அளவிட்டு ஆராய்ந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். அவர் தம்மையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு, பொருளற்ற அசைகளின் வரிசைகளை மனப்பாடம் செய்தார். சிறிது காலம் கழித்து அவற்றை மீண்டும் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூலின்படி, 20 நிமிடங்களுக்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு நாளுக்குப் பின் 34 விழுக்காடு. 31 நாள்களுக்குப் பின் 21 விழுக்காடு.

இவ்வெண்களைப் பணியிடப் பாடங்களுக்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும். பொருளற்ற அசைகளைவிடப் பொருளுள்ள செய்தியும் முன்னறிவோடு இணைந்த செய்தியும் நெடுங்காலம் நிற்கும். இங்குக் கொள்ளத்தக்கது மறத்தலின் போக்கு மட்டுமே. இழப்பு தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. ஆகவே, பயிற்சியை அடுத்துவரும் முதற்சில நாள்களில் ஏதும் செய்யாமல் விடுதல் பேரிழப்பாக முடியும்.

அஞ்சல் ஊழியர் பயின்ற தட்டச்சு

பயிற்சி நேரத்தை எவ்வாறு பகிர்வது என்பதற்குப் பணியிடத்திலேயே நிகழ்ந்த ஓர் ஆய்வு தெளிவான சான்று தருகிறது. பிரித்தானிய அஞ்சல் துறை கடிதங்களைப் பிரிக்கும் பணியில் இயந்திரங்களைப் புகுத்தியபோது, அஞ்சல் ஊழியர்கள் விசைப்பலகையில் தட்டச்சிடக் கற்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் ஆகிய இருவரும் அவ்வூழியர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, 1978இல் முடிவுகளை வெளியிட்டனர். முதற்குழு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பயின்றது. இரு குழுக்கள் இரண்டு மணி நேரம் பயின்றன. அவற்றுள் ஒன்று தொடர்ச்சியாகவும் மற்றொன்று இரு வேளைகளாகவும் பயின்றது. நான்காம் குழு இரு வேளைகளில் நான்கு மணி நேரம் பயின்றது.

விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள முதற்குழுவிற்கு ஏறத்தாழ 35 மணி நேரம் போதுமானதாயிருந்தது; நான்காம் குழுவிற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் தேவைப்பட்டது. பல மாதங்கள் கழித்துச் சோதித்தபோதும், நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றோரே திறனை நன்கு தக்கவைத்திருந்தனர். ஆயினும் தம் பயிற்சி முறை குறித்து மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தவர்களும் அவர்களே. நாள்களை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு மணி வீதம் 35 மணி நேரத்தை முடிக்க 35 வேலைநாள்கள் ஆகும். நான்கு மணி வீதம் 50 மணி நேரத்தை 13 வேலைநாள்களில் முடித்துவிடலாம். உடன் பயின்றோர் முந்திச் செல்வதைக் கண்டவர்களுக்குத் தாம் பின்தங்குவதாகவே தோன்றியது.

இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இடைவெளிவிட்டுப் பயில்வதால் பயிற்சி நேரம் மிச்சமாகிறது. நாள்காட்டியில் காலம் நீள்கிறது. உடனடியாக ஆள் தேவைப்படும் நிறுவனம் இவ்விரண்டையும் சீர்தூக்கியே முடிவெடுக்க இயலும். இரண்டாவதாக, பயில்வோரின் மனநிறைவும் கற்றலின் உறுதியும் ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை. கருத்துப் படிவத்தை மட்டும் நம்பியிருந்தால், அவ்வாய்வில் மிகச் சிறந்ததாக விளங்கிய முறையே முதலில் கைவிடப்பட்டிருக்கும்.

நினைவுமீட்டலின் பயன்

இதே மயக்கம் படித்தலிலும் உண்டு. ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். மற்றொன்றை ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் இருமுறை படித்த பகுதியில் 81 விழுக்காடும், எழுதிப்பார்த்த பகுதியில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஒரு வாரத்திற்குப் பின் இந்நிலை தலைகீழானது: இருமுறை படித்தது 42 விழுக்காடு, எழுதிப்பார்த்தது 56 விழுக்காடு. நினைவிலிருந்து ஒன்றை வருந்தி எடுக்கும் செயலே அந்நினைவை வலுப்படுத்துகிறது.

ஆகவே தேர்வு என்பது மதிப்பெண்ணுக்குரிய கருவி மட்டுமன்று, கற்பிக்கும் கருவியுமாகும். தீப்பாதுகாப்புப் பயிற்சி பெற்றோருக்கு அதே படவிளக்கத்தை மீண்டும் காட்டுவதைவிட, ‘மின்னிணைப்புள்ள கருவியில் தீப்பற்றினால் முதலில் என்ன செய்வீர்? எந்தத் தீயணைப்பானை எடுப்பீர்? தண்ணீரை ஏன் ஊற்றலாகாது?’ என்று ஒரு வாரம் கழித்து வினவுவது பயன் மிகுதியுடையது. விடை தவறினால் உடனே திருத்த வேண்டும். அத்தவறு பணியாளரின் மதிப்பீட்டுப் பதிவில் ஏறலாகாது. ஏறுமென்ற அச்சம் இருப்பின் எவரும் மனந்திறந்து விடையளியார்.

நன்னூல் கூறும் காற்கூறு

கேட்டல் மட்டும் போதாது என்னும் கருத்து தமிழ்க் கல்வி மரபில் முன்னரே இடம்பெற்றுள்ளது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்டலின் முறையை உரைக்குமிடத்து, கேட்டவற்றை மீள நினைத்தல், ஆசிரியரை அடைந்து மீண்டும் கேட்டல், உடன்பயில்வோரோடு பயிலுதல், வினாவுதல், வினாயவற்றுக்கு விடையளித்தல் ஆகியவற்றை மாணாக்கர்க்கு விதிக்கிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் புலமையில் காற்கூறே கைவரும் என்றும், உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் வரும் என்றும், எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்றும் அது வகுக்கிறது.

இப்பகுப்பு அளவிட்டுக் கண்ட எண்ணன்று; நூற்கல்வியைக் கருதிக் கூறப்பட்டதுமாகும். ஆதலால் ஆய்வக முடிவுகளோடு இதனைச் சமன்படுத்துதல் தகாது. ஆயினும் விடையளித்தலும் பிறர்க்கு உரைத்தலும் நினைவுமீட்டலின்றி நிகழா. இன்றைய பயிற்சித் திட்டங்கள் பெரிதும் முதற்காற்கூற்றோடு நின்றுவிடுகின்றன. பயிற்சி பெற்று வந்தவர் தம் பிரிவினர்க்கு அதனை அரைமணி நேரம் விளக்குமாறு செய்தால், எஞ்சியவற்றுக்கும் வழி பிறக்கும்.

பணியிடத்தின் பொறுப்பு

நினைவில் நின்றதும் பயன்படாவிடில் தேயும். பயிற்சி பணிக்குப் பெயர்தல் பற்றி 1988இல் ஆராய்ந்த பால்ட்வின், ஃபோர்டு ஆகியோர், அது பயில்வோரின் இயல்பு, பயிற்சியின் அமைப்பு, பணிச்சூழல் ஆகிய மூன்றையும் சார்ந்தது என்றனர். பணிச்சூழல் என்பதில் மேலாளரின் ஆதரவும் கற்றதைச் செய்துபார்க்கும் வாய்ப்பும் அடங்கும். புதிய மென்பொருளைக் கற்றுவந்தவருக்கு அம்மென்பொருள் இரு மாதங்கள் கழித்தே கிடைக்குமாயின், மறதிக்கு அவர் பொறுப்பாகார்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், பின்வரும் நெறிகள் பெறப்படும். ஆறு மணி நேரப் பயிற்சியை ஒரே நாளில் முடிக்காமல், வாரத்திற்கொன்றாக ஒன்றரை மணி நேர அமர்வுகள் நான்காகப் பகிரலாம். ஒவ்வோர் அமர்வையும் முந்தைய பாடத்தைப் பாராமல் எழுதச்செய்து தொடங்கலாம். நெடுங்காலம் நிற்க வேண்டியவற்றுக்கு மீள்பயிற்சியின் இடைவெளியையும் நீட்டலாம். அரிதாகச் செய்யப்படும், பார்த்துச் செய்ய நேரமுள்ள பணிகளை மனப்பாடமாக்காமல், படிநிலைப் பட்டியலாக எழுதி இயந்திரத்தருகே வைக்கலாம். பார்த்துச் செய்ய நேரமில்லாத உயிர்மீட்பு போன்றவற்றுக்குச் சிறுசிறு மீள்பயிற்சி இன்றியமையாதது. அமெரிக்க இதயச் சங்கமும் மருத்துவமனைப் பணியாளர்க்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குறும்பயிற்சி அளிக்கும் திட்டத்தை வகுத்துள்ளது. இம்மீள்பயிற்சிகள் யாவும் ஊதியமுள்ள பணிநேரத்திற்குள் அமைதல் வேண்டும்; ஓய்வு நேரத்தில் திணிக்கப்படுவது நிலைக்காது.

முடிவுரை

மறத்தல் மனித நினைவின் இயல்பு. அதனைக் கணக்கில் கொள்ளாத பயிற்சித் திட்டமே குறையுடையது. விரைவாகக் கற்றதாகத் தோன்றும் முறை நெடுநாள் நிற்பதில்லை என்பதையும், நெடுநாள் நிற்கும் முறை பயில்வோர்க்குத் தொடக்கத்தில் தளர்ச்சி தரக்கூடும் என்பதையும் அஞ்சல் ஊழியர் ஆய்வு காட்டுகிறது. ஆகவே பயிற்சியளிப்போர் இத்தளர்ச்சியை முன்கூட்டியே பயில்வோர்க்கு எடுத்துரைத்தல் நன்று. நிறுவனங்களும் கருத்துப் படிவத்தோடு நில்லாமல், ஒரு மாதம் கழித்துப் பணியாளர் எதனைத் துணையின்றிச் செய்ய வல்லார் என்பதை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அவ்வளவுகோலின்படி, சான்றிதழ் வழங்கும் நாள் பயிற்சியின் முதற்பகுதி நிறைவுறும் நாளே ஆகும்.